மூன்றாவது வழி: நிறையத் தண்ணீர் குடியுங்கள்

ஒரு லிட்டர் தண்ணீரை ஒருத்தி மடமடவென்று குடித்தால், அது உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, 'போதும், என்னை வெளியே விடு' என்று கேட்க எவ்வளவு நேரமாகும், சொல்லுங்கள் பார்ப்போம்? தெரியாதென்றால் கோகிலவாணியைக் கேளுங்கள். ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஐந்து நிமிடம். எட்டே காலுக்குப் பனியன் கம்பெனி கேட்டுக்குள் நுழையும்போது முதல் மடக்கு, எட்டரைக்கு மணி அடித்துத் தையல் மெஷினில் உட்காரும்போது கடைசி மடக்கு, இப்போது ஒன்பது முப்பத்தைந்து. எதிர்ச் சுவரில் பெரிய கடிகாரம். அதற்கு நேர் கீழே நேற்றுத்தான் பசை தடவி ஒட்டிய மஞ்சள் தாள், தாளின் தலையில் கொட்டை எழுத்து: 'புத்தாண்டில் உங்கள் வாழ்வை மேம்படுத்தப் பத்து எளிய வழிகள்'. மணி பார்க்கத் தலையைத் தூக்கினால் தாளைப் படிக்காமல் தலையைத் தாழ்த்த முடியாது. ஒன்றாவது வழி, அதிகாலையில் எழுங்கள். இரண்டாவது வழி, கிடைத்ததற்கு நன்றி சொல்லுங்கள். மூன்றாவது வழி, அங்கேதான் அவள் கண் போய்ச் சிக்குகிறது, பனியன் ஓரம் மெஷின் பல்லில் சிக்குகிற மாதிரி: நிறையத் தண்ணீர் குடியுங்கள், நாள் ஒன்றுக்கு மூன்று லிட்டர். பக்கத்தில் ஒரு தண்ணீர்த் துளிக்குக் கண்ணும் வாயும் வைத்துச் சிரிக்கிற படம். சிரி, சிரி. உனக்கென்ன, தாள் மேல ஒட்டிக்கிட்டு நிக்கிறே. அவள் இரண்டு முழங்காலையும் சேர்த்து இறுக்கினாள். ஒரேயடியாக இறுக்கவும் வழியில்லை, வலது கால் பெடல் மேல் இருக்கிறது, மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும், நின்றால் சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் கழுத்தைத் திருப்புவார். கை தன்பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தது. எந்தக் கடல் தாண்டி எந்தப் பிள்ளை போடப்போகிறதோ, சின்னச் சின்னப் பனியன் கைகள், ஒவ்வொரு கைக்கும் ஓரம் மடித்து ஒரு தையல், அடுத்தது, அடுத்தது. துணி முழுக்க நீல அலை. இன்றைக்கென்று பார்த்து அலை போட்ட துணிதான் ஐந்தாம் லைனுக்கு வரவேண்டுமா? நேற்று வரைக்கும் யானைக்குட்டி வந்துகொண்டிருந்தது.

தப்பு அவள் மேல்தான், அதை அவள் மறுக்கவில்லை. லைனில் முப்பத்திரண்டு பேருக்கும் நேற்றுப் புத்தாண்டுப் பரிசாக ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள், பளபளவென்று எவர்சில்வர், ஒரு லிட்டர் பிடிக்கும். முப்பத்தொரு பேர் அதை அட்டைப்பெட்டியோடு பைக்குள் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் திறந்து, கழுவி, இன்று காலை நிறைய ஊற்றிக் குடித்தாள். பக்கத்து மெஷின் மாராயக்கா அப்போதே சொல்லிற்று. "ஏ அம்மிணி, மாடு தொட்டியில வாய வெச்ச மாதிரி குடிக்கிறயே, இன்னிக்கு என்ன, நீயி லீவா? பாட்டில் ஊட்டுக்குக் கொண்டு போறதுக்குத்தான் குடுத்திருக்குது. புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஆகும். குடிக்கறதுக்கு ஆராச்சும் தண்ணிப் பாட்டில் குடுப்பாங்களா?" லைனே சிரித்தது. கோகிலவாணியும் சிரித்துக்கொண்டே மிச்சத்தைக் குடித்தாள். அவள் அப்படித்தான், எதையாவது செய்கிறேன் என்று சொல்லிவிட்டால் செய்தாக வேண்டும் அவளுக்கு. போன வருசம் தை ஒன்றாம் தேதி பீரோக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைத்தாளே, ஸ்கூட்டி ஓட்டப் பழகோணும், மித்ராவைக் கத்தப்படாது, வாரத்துக்கொருக்கா கீரை, என்று. கீரை ஆயிற்று, ஸ்கூட்டியும் ஆயிற்று, இரண்டு முழங்காலும் சிராய்த்து ஒரு கோழி மேல் ஏற்றப் பார்த்துத் தப்பித்து ஆயிற்று, மகளிடம் கத்துவதுதான் முழுசாக நிற்கவில்லை, பாதிக்குக் குறைந்திருக்கிறது. இந்த மாதிரி காரியமென்றால் அவளுக்கு வெல்லம் மாதிரி. அதனால்தான் நேற்று சாப்பாட்டுக் கூடத்தில் கோட்டுப் போட்டு வந்த பயிற்சிக்காரர் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, "உங்கள் வாழ்க்கை உங்கள் கையில்" என்றபோது நிஜமாகவே கண்ணை மூடியவள் அவள் ஒருத்திதான், மற்றவர்கள் தூங்கினார்கள்.

அந்த ஆள் சொன்னது ஒன்றும் பொய்யில்லை, அதுதான் எரிகிறது. பொய் என்றால் துப்பிவிட்டுப் போய்விடலாம். அதிகாலையில் எழுங்கள். எழுகிறேன், நாலரைக்கு எழுகிறேன், ஐந்து மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும், ஐந்தரைக்கு நின்றுவிடும், நாலரைக்கு எந்திரிக்கிறவளை இனி எத்தனை மணிக்கு எந்திரிக்கச் சொல்லுவே, நேத்தே எந்திரிக்கட்டுமா? ஆறாவது வழி எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்கிறது. ஒன்றும் ஆறும் ஒரே தாளில் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. இந்தத் தாளை எழுதின மகராசன் எவனோ, அவன் வீட்டில் காலையில் அவன் எழுவதற்குள் காப்பி எழுந்து வந்து நிற்கும். சரி, அது போகட்டும், மூன்று, மூன்று, மூன்றில் என்ன தப்பு? ஐப்பசியில் நீர்க்கடுப்பு வந்து, ஒரு சொட்டுப் போவதற்கு மிளகாய்ப்பொடி தடவின மாதிரி எரிந்து, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குளிர்க்காய்ச்சலோடு கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தபோது அந்த டாக்டரம்மாவும் இதைத்தானே சொல்லிற்று? "தண்ணி குடிக்கிறீங்களா?" "குடிக்கிறனுங்க." "எவ்வளவு?" "தாகமெடுத்தாக் குடிக்கிறனுங்க." டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்த்தது. "தாகமே எடுக்காத மாதிரி உடம்பைப் பழக்கி வெச்சிருக்கீங்க. எங்க வேலை? பனியன் கம்பெனியா?" கேட்டுவிட்டு, ஆமாம் என்று இவள் சொல்வதற்குள் தலையை ஆட்டிக்கொண்டது, கம்பெனிப் பெண்களை எத்தனை பார்த்திருக்கும். "அடுத்த தடவை காய்ச்சலோட வந்தீங்கன்னா அது மேல ஏறி கிட்னிக்குப் போயிருக்கும். இருபத்தேழு வயசுதான் ஆகுது உங்களுக்கு." மித்ரா அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் மடியில் உட்கார்ந்துகொண்டு, "கிட்னின்னா என்னம்மா? அது பறக்குமா?" என்று கேட்டது. பறக்காது கண்ணு. உள்ள உக்காந்துக்கிட்டு நம்மளைப் பார்த்துக்கும். நாம அதைப் பார்த்துக்கோணும். அதனால்தான் குடித்தாள். மஞ்சள் தாளை நம்பி மட்டும் குடிக்கவில்லை. தாளும் டாக்டரும் ஒரே வார்த்தை சொல்லும்போது, பாட்டிலும் கம்பெனியே கொடுக்கும்போது, சரி, இந்த வருசம் எல்லாம் மாறிவிட்டது போலிருக்கிறது என்று அவளாக நினைத்துக்கொண்டாள். மாறவில்லை. ஆணி மாறவில்லை.

ஆணி என்றால், மகுடேஸ்வரன் மேசைக்குப் பின்னால் தூணில் அடித்திருக்கிற ஆணி. அதில்தான் டோக்கன் தொங்கும், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ப்ளைவுட் துண்டு, சிவப்புப் பெயிண்டில் ஐந்து என்று போட்டிருக்கும். ஒரு லைனுக்கு ஒரு டோக்கன். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனவள் திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் எழலாம். டோக்கன் இல்லாமல் எழுந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான், மறுநாள் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் கேட் திறக்கும். ஒன்பது முப்பத்தாறுக்கு அவள் கேட்டாள். "அண்ணா, டோக்கனுங்க." "வெளிய போயிருக்குதும்மா. வரட்டும்." ஒன்பது நாற்பதுக்கு வரவில்லை. நாற்பத்தைந்துக்கு வரவில்லை. கக்கூஸ் மூன்று கதவில் ஒன்று ஆபீஸ் ஆட்களுக்கென்று பூட்டியிருக்கும், ஒன்றில் குழாய் வராது, மிச்சம் இருக்கிற ஒன்றுக்கு ஆறு லைன் நிற்கும், போனவள் என்ன செய்வாள், அவளைக் குற்றம் சொல்லி ஆகப்போவதென்ன. ஒன்பது ஐம்பதுக்கு டோக்கன் வந்தது. ஆணியில் ஏறுவதற்குள் மகுடேஸ்வரன் கையை நீட்டி வாங்கினார், மேசை டிராயரை இழுத்தார், உள்ளே போட்டார், மூடினார். "மணிக்கு இருபது பீஸ் குறையுது. சாப்பாட்டு பெல் வரைக்கும் யாரும் என்கிட்ட வந்து நிக்கப்படாது, சொல்லிட்டேன்." சாப்பாட்டு பெல் பன்னிரண்டரைக்கு. டீ இப்போதெல்லாம் மெஷினுக்கே வந்துவிடுகிறது. "அண்ணா, அவசரமுங்க." "எல்லாருக்கும் அவசரந்தான். ஊட்டுல போயிட்டு வரப்படாதா?" "போயிட்டுத்தானுங்க வந்தேன். தண்ணி குடிச்சிட்டனுங்க." "ஆரு குடிக்கச் சொன்னது?" அவள் சுவரைப் பார்த்தாள். அவரும் திரும்பிப் பார்த்தார். பார்த்தார், ஆனால் படிக்கவில்லை, நேற்று ஏணி வைத்து ஏறி அதை ஒட்டியதே அவர்தான். "அது வேறம்மா," என்றார், "இது வேற."

அது வேற. இது வேற. மெஷின் தடதடக்கிற தாளத்துக்கு அந்த நாலு வார்த்தையும் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. அதுவேற இதுவேற அதுவேற இதுவேற. எது வேற அண்ணா? தாளில் இருக்கிற தண்ணி வேற தண்ணியா? தாளில் இருக்கிற மனுசி வேற மனுசியா? அவளுக்கு வயிறு இருக்காது, வெறும் வாழ்வுதான் இருக்கும், அதை மேம்படுத்திக்கொண்டே இருப்பாள். பத்து மணி. அடிவயிறு உருண்டையாய், கல்லாய், முந்தானைக்குள் யாரோ இளநீரைக் கட்டிவிட்ட மாதிரி கனக்கிறது. முதுகுத்தண்டில் ஒரு குளிர் ஏறி இறங்குகிறது. வேறு எதையாவது நினை, கோகிலா, வேறு எதையாவது. மித்ராவுக்கு மத்தியானச் சோற்றுக்கு என்ன வைத்தோம்? தக்காளிச் சோறு. தண்ணீர் பாட்டில் வைத்தோமா? வைத்தோம், ஐயோ, மறுபடியும் தண்ணீர். பின்பக்கம் அயர்ன் டேபிளில் ஆவி விட்டார்கள், உஸ்ஸ்ஸ் என்று. அந்தச் சத்தத்துக்கு அவள் உடம்பு அப்படியே தூக்கிப் போட்டது. ஏனென்றால் அது அவளுடைய சத்தம். மித்ரா கைக்குழந்தையாக இருந்தபோது வாசல் ஓரம் இரண்டு பாதத்துக்கும் நடுவே பிடித்து உட்காரவைத்து, தினம் எத்தனை தடவை, உஸ்ஸ்ஸ், உஸ்ஸ்ஸ், வருது பாரு, வருது பாரு என்று ஊதி ஊதி, அந்தப் பிள்ளை இவள் வாயைக் குவித்தாலே போய்விடும். பிள்ளைக்கு மட்டும் பழகும், தாய்க்குப் பழகாதென்று யார் சொன்னது? உஸ்ஸ்ஸ். மறுபடியும். அடுத்த பனியன். உஸ்ஸ்ஸ். கையில் நீல அலை. உதட்டைக் கடித்தாள், கால் விரல்களைச் செருப்புக்குள் மடக்கினாள், கையில் ஓடிய ஓரம் கோணிப்போயிற்று. பிரிக்க வேண்டும். பிரிக்கக் குனிந்தால் வயிறு அழுந்தும். கோணினால் கோணட்டும், அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஒரு கை கோணலாக இருந்தால் குடியா முழுகிவிடும். அது நினைத்தபோதெல்லாம் எழுந்து போகும். மித்ராகூடப் போகும். பால்வாடியில் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினால் ஆயா கையைப் பிடித்து அழைத்துப் போகும். நாலு வயசு. இவளும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதே சுண்டுவிரலைத்தான் தூக்கினாள், கணக்கு வாத்தியார் எவ்வளவு முசுடு, அவரே பலகையிலிருந்து திரும்பாமல் "போ போ" என்பார். பத்தாவது வரைக்கும் படித்து, கல்யாணம் கட்டி, ஒரு பிள்ளை பெற்று, ஸ்கூட்டியும் ஓட்டப் பழகி, இத்தனைக்கும் அப்புறம் ஒரு ப்ளைவுட் துண்டுக்கு நிற்கிறோம் என்றால், இது மேலே ஏறுகிற வாழ்வா, கீழே இறங்குகிற வாழ்வா, அந்தக் கோட்டுக்காரரைக் கேட்கவேண்டும்.

ஜெசிந்தா நினைப்பு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் எதை எதையோ நினைத்தாள். வந்துவிட்டது. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தது, பத்தொன்பது வயசு, பேசினாலே பாட்டு மாதிரி இருக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம், லாரி வெளியே காத்துக்கொண்டிருந்தது, டோக்கன் இதே மாதிரி டிராயருக்குள் போயிற்று. ஜெசிந்தா இரண்டு தடவை கேட்டது. மூன்றாவது தடவை கேட்கவில்லை. தைத்துக்கொண்டே இருந்தது, குனிந்த தலை நிமிரவில்லை, பிறகு தோள் மட்டும் கொஞ்சம் தளர்ந்தது, அவ்வளவுதான், இரண்டு மெஷின் தள்ளி உட்கார்ந்திருந்த கோகிலவாணிக்கு அந்தத் தோள் தளர்ந்ததிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் என்ன செய்தாள்? நூல் அறுந்த மாதிரி குனிந்துகொண்டாள். நூல் அறுந்திருக்கவில்லை. நன்றாக இருந்த நூலைப் பிடித்து ஊசியில் மறுபடி மறுபடி கோத்தாள், அந்தப் பெண் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்று. எழுந்தது மாராயக்காதான். சோற்றுப் பையிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, ஜெசிந்தா ஸ்டூல் பக்கம் போய், அதன் மடியிலும் தரையிலும் முழுசாகக் கவிழ்த்துவிட்டு, "அய்யோ சாமி, கை தவறிப் போச்சே, புள்ளைய நனைச்சுப் போட்டனே!" என்று ஊரே கேட்கிற மாதிரிக் கத்திற்று. மகுடேஸ்வரன் கூட, "கண்ணு தெரியலயா உனக்கு, பீஸ் நனைஞ்சுதா பாரு," என்று அக்காவைத்தான் திட்டினார். ஜெசிந்தா ஷாலை இடுப்பில் சுற்றிக்கொண்டு போயிற்று. அந்த வாரமே ஊருக்குப் போய்விட்டது. அந்த ஸ்டூலைக் கழுவிக் காயவைத்து மறுபடி லைனில் போட்டுவிட்டார்கள், எல்லா ஸ்டூலும் ஒரே பச்சை, எது அது என்று யாருக்கும் தெரியாது. இதுவாக இருக்கலாம். இப்போது இவள் உட்கார்ந்திருப்பது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முப்பத்திரண்டில் ஒன்று. தினம் காலையில் உட்காரும்போது ஒரு நொடி நினைக்காமல் உட்கார்ந்ததில்லை அவள். பத்து பத்து. உஸ்ஸ்ஸ்.

எழுந்து போனால் என்ன? போனால் நாளைக்கு வீட்டுக்காரரோடு வந்து நிற்கவேண்டும். சதாசிவம் வருவார், வராமல் இருக்க மாட்டார், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருவார், மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு அந்த ஆபீஸ் ரூமில் பிளாஸ்டிக் நாற்காலி நுனியில் உட்காருவார். "உங்க சம்சாரம் பர்மிஷன் இல்லாம எந்திரிச்சுப் போயிருக்குதுங்க." "எங்கீங்க போச்சு?" அதற்கு அவர்கள் என்ன சொல்வார்கள்? சதாசிவம் காது சிவந்து, வெளியே வந்து ஸ்கூட்டி நிறுத்தியிருக்கிற இடம் வரைக்கும் வந்து, "ஏன் கோகிலா, செத்தப் பொறுத்திருக்கலாமில்ல," என்று மெதுவாகக் கேட்பார், அதுதான், அந்த மெதுவாகக் கேட்கிறதுதான் தாங்காது. பொறுக்கலாமில்ல. எதை? மகுடேஸ்வரண்ணன் காலையிலிருந்து மூன்று தடவை வெளியே போய்விட்டு வந்தாயிற்று. வாயில் பாக்கு வாசம். அவர் கழுத்தில் எந்த மரத்துண்டும் இல்லை. அவரைப் பார்த்து, "அண்ணா, நாளைக்கு உங்க ஊட்டு அக்காவைக் கூட்டிட்டு வாங்க, நீங்க எங்க போனீங்கன்னு கேக்கோணும்," என்று சொன்னால் எப்படி இருக்கும்? சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்காதே, சிரிக்காதே, சிரித்தால் போச்சு. பத்தாவது வழி எப்போதும் புன்னகையுங்கள். கையைச் சிரி, காலைச் சிரி, வயிற்றை மட்டும் சிரிக்கவிடாதே. மெஷின் பக்கத்தில் ரோஸ் நிற அட்டை ஒன்று கிடந்தது, அதுவும் நேற்றுக் கொடுத்ததுதான், தலையில் ஓட்டை போட்டு ஜரிகை நூல் கட்டியிருக்கிறது. 'இந்த ஆண்டு நான்...' என்று அச்சடித்து, மிச்சத்தை அவரவர் எழுதி, வாசலில் வைத்திருக்கிற பிளாஸ்டிக் மரத்தில் மாட்டவேண்டுமாம், சாப்பாட்டு பெல்லுக்குள். உறுதிமொழி மரம். ஆபீசிலிருந்து வந்து போட்டோ எடுப்பார்களாம். அதில் என்ன எழுதலாம் என்று நேற்று ராத்திரி பாத்திரம் கழுவும்போதெல்லாம் யோசித்தாள், மித்ராவைக் கத்தமாட்டேன் என்று எழுதலாமா, மிச்சம் பாதி கத்தலையும் விடலாமா என்று. இப்போது வேறெதுவும் தோன்றவில்லை. இந்த ஆண்டு நான் பன்னிரண்டரை வரைக்கும் பொறுப்பேன். இந்த ஆண்டு நான் தண்ணீரே குடிக்கமாட்டேன், மாராயக்கா மாதிரி.

மாராயக்கா பதினொரு வருசமாக இந்தக் கம்பெனியில் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறக்கியதில்லை. டீ வந்தாலும் பக்கத்தில் யாருக்காவது தள்ளிவிடும். அதன் உதடு எப்போதும் வெடித்தே இருக்கும், இடுப்பில் கல் என்று டாக்டர் படம் எடுத்துக் காட்டியதை ஏதோ பேரன் படம் மாதிரி எல்லாருக்கும் காட்டிச் சிரித்தது. ஆனால் தீபாவளியிலிருந்து தினமும் பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டுவருகிறது. குடிப்பதில்லை. அப்படியே கொண்டுவந்து அப்படியே கொண்டுபோகிறது. எதற்கு என்று யாரும் கேட்டதில்லை, கேட்கத் தேவையில்லை. இப்போது கோகிலவாணியின் ஓரக்கண்ணில் ஏதோ அசைந்தது. மாராயக்கா தைப்பதை நிறுத்தாமலே, முகத்தை இந்தப் பக்கம் திருப்பாமலே, இடது கையால் பைக்குள்ளிருந்து அந்தப் பழைய பச்சைப் பாட்டிலை எடுத்தது. மேசை விளிம்பில், கோகிலவாணிக்குக் கிட்டே இருக்கிற விளிம்பில் வைத்தது. மூடியைத் திருகிற்று. மூடியைக் கழற்றி, தன் மடியில் போட்டுக்கொண்டது. பாட்டில் வாய் திறந்தபடி நின்றது. அவ்வளவுதான். பார்க்கக்கூட இல்லை அக்கா. வெட்கப்பட்டுவிடுவாள் என்று பார்க்கவில்லை. 'ஆனா ஆகட்டும் அம்மிணி, நான் இருக்கறேன்' என்று ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிவிட்டு, அடுத்த நீல அலையை எடுத்து ஊசிக்குக் கீழே தள்ளிற்று. கோகிலவாணிக்கு உச்சந்தலை வரைக்கும் ஒரு சூடு ஏறிற்று. ஒரு மனுசி, இடுப்பில் கல்லை வைத்துக்கொண்டு, தான் குடிக்காத தண்ணீரை இன்னொருத்தி அவமானத்தின் மேல் ஊற்றுவதற்கென்று மாசக்கணக்காகச் சுமந்து வருகிறது. அதற்கு மேலே சுவரில் ஒரு துளி சிரிக்கிறது. இது வேற, அது வேற. இல்லை. இல்லவே இல்லை. அதுவும் இதுவும் ஒன்றுதான்.

பெடலிலிருந்து காலை எடுத்தாள். மெஷின் நின்றது. பண்டலில் எண் போடுகிற பேனாவை எடுத்து ரோஸ் அட்டையில் எழுதினாள், நின்றுகொண்டே, அதனால் எழுத்துக் கொஞ்சம் கோணிற்று. எழுதி முடித்து அதை எடுத்துக்கொண்டு, புது பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். ஓடவில்லை, ஓடினால் வேலைக்காகாது. மேசைக்கு முன்னால் மகுடேஸ்வரன் எழுந்தார். "ஏம்மா, எங்க? சொன்னனா இல்லயா? டோக்கன் இல்லாம போனீன்னா நாளைக்கு ஊட்டுக்காரரோடதான் வரோணும், தெரியுமில்ல?" "முடியாதுங்கண்ணா," என்றாள் அவள். ஒன்பதாவது வழி, முடியாது என்று சொல்லப் பழகுங்கள். அவள் அதை நினைத்துச் சொல்லவில்லை, சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. "அவருக்கு வேலை இருக்குதுங்க. போறது நானு, நானே வந்து சொல்றேன், ஆபீசுல ஆரு கேட்டாலுஞ் சொல்றேன்." அட்டையின் ஜரிகை நூலை எட்டிக் காலி ஆணியில் மாட்டினாள். அது அங்கே ஒரு சுற்றுச் சுற்றி, எழுத்துப் பக்கம் முன்னால் திரும்பி நின்றது. 'இந்த ஆண்டு நான் தண்ணீர் குடிப்பேன். வந்தால் எழுந்து போவேன். கோகிலவாணி, லைன் ஐந்து.' மகுடேஸ்வரன் அதைப் படித்தார், திரும்பி மஞ்சள் தாளைப் பார்த்தார், இந்தத் தடவை படித்த மாதிரிதான் இருந்தது. அதற்குள் அவள் கதவைத் தாண்டிவிட்டாள்.

கதவை மூடித் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்தபோது வந்த அந்த நிம்மதியை விவரித்து ஆவதில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவு மட்டும் சொல்லலாம். உடம்பிலிருந்து ஐப்பசி, தீபாவளி, டிராயர் எல்லாம் இறங்கிப் போனது. எரியவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தாள், எரியவில்லை, வெறுமனே போகிறது, சின்ன வயசில் போன மாதிரி. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. திரும்பி வரும் வழியில் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நின்றாள். பிடிக்கலாமா, வேண்டாமா? ஆபீசுக்குக் கூப்பிடுவார்கள். எழுதி வாங்குவார்கள். வேறு லைனுக்கு மாற்றுவார்கள், நூல் வெட்டப் போடுவார்கள், வீட்டுக்கே அனுப்பினாலும் அனுப்புவார்கள். கை குழாயின் மேல் இருந்தது. ஒரு நாளைக்கு மட்டும் செய்துவிட்டு விடுவதென்றால் எழுதி எதற்கு மாட்டினோம்? திறந்தாள். பாட்டில் நிறைந்து வழிந்து கையை நனைத்தது.

லைனுக்குள் வரும்போது அட்டை ஆணியிலேயே தொங்கியது. யாரும் எடுக்கவில்லை. மகுடேஸ்வரன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார், அவள் பக்கம் பார்த்தார், "உக்காரு, உக்காரு, பீஸ் கெடக்குது, ஆபீசுல கூப்பிடுவாங்க, அப்ப நீயே பேசிக்க," என்றார், முன்னளவுக்குச் சத்தமில்லை. முப்பது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் முப்பது தலையும் அவளோடுகூட ஆணியிலிருந்து ஸ்டூல் வரைக்கும் நடந்து வந்தது. ஓடாத மெஷின் மாராயக்காவுடையது. கோகிலவாணி முதலில் மேசை விளிம்பைப் பார்த்தாள். பச்சைப் பாட்டில் காலியாக நின்றது. சட்டென்று குனிந்து தரையைப் பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது. தன் ஸ்டூலைப் பார்த்தாள், அதுவும் காய்ந்திருந்தது. நிமிர்ந்தாள். மாராயக்கா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது, வெடித்த உதடு ஈரமாக, பிள்ளை மாதிரி மோவாயில் இரண்டு சொட்டு.

"என்னக்கா பண்ணுனீங்க?"

"குடிச்சுப் போட்டேன்," என்றது அக்கா. "முழுசா." பிறகு மடியிலிருந்து தன்னுடைய ரோஸ் அட்டையை எடுத்தது, கை படாமல் நேற்றுக் கொடுத்தது கொடுத்தபடி இருந்தது, அதை மெஷின் மேல் தள்ளிற்று.

"எனக்கு எழுத வராதே அம்மிணி. நீ எழுதுனதையே என்ற பேருக்கும் ஒன்னு எழுதிக் குடு. வெரசா எழுது சாமி, ஒரு மணி நேரந்தான் இருக்குது."